எட்டாம் வால்வு

2026 பிப்ரவரி 6, வெள்ளிக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். இன்று நகராட்சித் தண்ணீர் வரும் நாள் இல்லை. வாசலில் குடம் வைக்கும் வேலை இல்லை. நேற்று பிடித்ததில் இரண்டு வாளி மீதம் இருந்தது. குளித்து, சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, 7.15க்கு மூன்று இட்லி சாப்பிட்டேன். 8.40க்கு வீட்டைப் பூட்டினேன். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். பேருந்து நிலையம் வரை நடந்து, ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் அலுவலகத்தில் 9.05க்குக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக் கணக்கெடுப்பது என் பிழைப்பு. நிரந்தர வேலை இல்லை. கணக்கு வரும்போது கூப்பிடுவார்கள், போவேன். ஒரு பின்கோடுக்குள் எத்தனை வீடு, எத்தனை ஆள், வருமானம் என்ன, சுவர் மண்ணா கல்லா, மேலே கீற்றுக் கூரையா ஓடா கான்கிரீட் மெத்தையா. இருபத்திரண்டு வருடங்களாக இதே கேள்விகள்தான். காகிதம் போய் டேப்லெட் வந்ததைத் தவிர பெரிய மாற்றம் இல்லை.

மேற்பார்வை பார்க்கும் தம்பிக்கு இருபத்தாறு வயது. டேப்லெட்டை என் பக்கம் திருப்பி வைத்தான்.

"மேடம், மலையடிவாரத்து பின்கோடு உங்களுக்குப் போட்டிருக்கேன். எல்லாம் முடிஞ்சிடுச்சு, பூட்டுன வூடு பத்தொம்போதுதான் பாக்கி. ரெண்டு தபா பசங்க போய்ப் பாத்துட்டாங்க. நீங்க மூணாவது தபா போய் காலின்னு அழுத்திட்டீங்கன்னா இந்தக் கணக்கை மூடிடலாம்."

"காலின்னு அழுத்தினா என்ன ஆகும்?"

"வீட்டுப் பட்டியல்லேர்ந்து தானா போயிடும். கான்கிரீட் வீடு குடுக்கறப்ப அந்தக் கதவு எண் வராது."

"ஆள் வெளியூர் வேலைக்குப் போயிருந்தா?"

"அதுக்கும் ஒரு கட்டம் இருக்குது மேடம். ஆனா சான்று கேக்கும். கரண்டு எரியறதோ, குழாயில தண்ணி வர்றதோ போட்டோ புடிச்சிப் போடணும்." சிரித்தான். "பூட்டுன வூட்டுக்கு யாரு மேடம் தண்ணி வுடப் போறாங்க?"

பட்டியலைப் பார்த்தேன். பதினெட்டு கதவு எண்கள் ஒரே தெருவில் இருந்தன. அந்தப் பதினெட்டையும் எனக்குத் தெரியும். பதினொரு வருடங்களுக்கு முன்பு என் கையால் 'காலி' என்று எழுதியவை. பத்தொன்பதாவது எண் வேறு இடத்தில் இருந்தது. ஊர் நுழைவில், தண்ணீர் டேங்குக்குக் கீழே, ஓட்டு வீடு. அதையும் தெரியும். அது ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் டேங்குக்காரர் வீடு.

இப்போது மாலை 6.30. 2015ஆம் வருட டயரியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அவர் பெயர் டயரியில் இருக்கிறது. இங்கே எழுதவில்லை. ஊரில் அதைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

முதல் நாள் நான் அவரைப் பார்த்தபோது அவர் தரையில் படுத்திருந்தார். ஊராட்சி அலுவலகத்தில், வீடு காட்ட யாராவது வேண்டும் என்று கேட்டேன். "டேங்குக்காரனைக் கூட்டிக்கினு போங்க, அவனுக்குத்தான் எல்லா வூடும் தெரியும்" என்றார்கள். போய்ப் பார்த்தால், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒல்லியான மனிதர், தெரு முனையில் மண்ணுக்கு வெளியே தெரிந்த குழாயில் காதை வைத்துப் படுத்துக் கிடந்தார். பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி, மேலே குறுக்குக் கைப்பிடி. வால்வு திறக்கும் சாவி. நான் செருமினேன். கையை உயர்த்தி, இருக்கச் சொன்னார். ஒரு நிமிடம் கழித்து எழுந்து, காதில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"போய்ட்டுது மேடம். கடைசி வூட்டுக்குப் போய்ட்டுது."

நான் என்னை யார் என்று சொன்னேன். படிவத்தைக் காட்டினேன்.

"எத்தினி கேள்வி?"

"நாற்பத்தேழு."

"அதுல தண்ணி பத்தி எத்தினி?"

"ஒண்ணு."

"அப்ப நாப்பத்தாறு கேள்வி மிச்சம் உங்களுக்கு" என்றார். "தண்ணி ஒண்ண ஒழுங்கா கேட்டா மிச்சமெல்லாம் அதுலயே வந்துரும்."

அது வாய்ப்பேச்சு என்று நினைத்தேன். நான்கு நாட்களில் அப்படி இல்லை என்று தெரிந்தது. ஊரில் எட்டு வால்வுகள். தெருக்களுக்குப் பெயர் இருந்தும் அவர் வால்வு எண்ணைத்தான் சொல்வார். "மூணாம் வால்வுல பொண்ணு பாக்க வந்துக்கிறாங்க" என்பார். குடும்பங்களை அவர் குடத்தால் அறிந்திருந்தார். ஆளுக்கு இரண்டு குடம் என்பது அவர் கணக்கு. ஒரு வீட்டில் நான் "எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்கும்போது அவர் தள்ளிப் போய் நின்றுகொள்வார். வெளியே வந்து நான் சொல்லும் எண்ணைக் கேட்டுத் தலையை ஆட்டுவார், அல்லது ஆட்டமாட்டார்.

"ஆறுன்னு சொன்னாங்க அண்ணா."

"பத்து கொடம்தான் நிக்கிது. ஒரு ஆளு ஊர்ல இல்ல. வந்துரும். ஆறுன்னே எழுதுங்க."

குடத்தைக் கொண்டு அவருக்கு வருங்காலமும் தெரிந்திருந்தது. ஒரு வீட்டைக் கடக்கும்போது, "வைகாசி பொறந்தா இங்க ரெண்டு கொடம் ஜாஸ்தி" என்றார். மருமகள் வரப்போகிறாள் என்று பொருள். இழவு விழுந்த வீடு இருக்கும் தெருவுக்கு, அது முறை இல்லாத நாளாக இருந்தாலும், யாரும் சொல்லாமலே போய் வால்வைத் திறந்துவிடுவார். முறை தவறிப் போன வேறு தெருக்காரர்கள் அந்த நாளில் மட்டும் அவரிடம் சண்டைக்குப் போகமாட்டார்கள்.

வருமானம் மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது. ஒரு பெரிய மெத்தை வீட்டில், வாசலில் டிராக்டர் நிற்க, வீட்டுக்காரர் என்னிடம் கூலி வேலை என்று சொன்னார். நான் டேங்குக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் தென்னை மரத்தைப் பார்த்தார். வெளியே வந்ததும் கேட்டேன்.

"ஆள் கணக்கு கேளுங்க, சொல்றேன். காசு கணக்கு அவங்கவங்க வாயால சொல்லணும். நான் சொன்னேன்னா நாளைக்கு அந்த வூட்டு வாசல்ல நின்னு வால்வு தொறக்க முடியுமா?"

"பொய்யைப் பொய்னு தெரிஞ்சே எழுதச் சொல்றீங்களா?"

"உங்க பாரத்துலதான் சொவுரு இன்னா, கூர இன்னான்னு இருக்குதே. மெத்தைன்னு எழுதுனீங்கல்ல? படிக்கறவனுக்கு மூள இருந்தா போதும்."

இன்னொரு வீடு நினைவுக்கு வருகிறது. ஒரே சுவர், ஒரே கூரை, அண்ணன் தம்பி. தனித்தனி அடுப்பு, எங்களைத் தனிக் குடும்பமாக எழுது என்று இருவரும் இரண்டு பக்கம் நின்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். விதிப்படி தனி அடுப்பு என்றால் தனிக் குடும்பம்தான். நான் புதுப் படிவம் எடுத்தேன்.

"மேடம், அத மட்டும் பென்சில்ல எழுதுங்க" என்றார் டேங்குக்காரர், அவர்கள் காதுபடவே. "சண்ட போட்டு பதினஞ்சு நாளுதான் ஆவுது. ஆடு ஒண்ணு குட்டி போட்டா சேந்துக்குவாங்க."

தம்பி பொண்டாட்டி உள்ளேயிருந்து சிரித்தது எனக்குக் கேட்டது. நான் பேனாவில்தான் எழுதினேன். நான் பென்சில் வைத்திருந்ததே இல்லை.

எந்த ஊருக்குப் போனாலும், எந்தத் தெருவில் நின்றாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இங்க கடைசி வூட்டுக்கு வருதா?" ஒருமுறை என்னைக் கொண்டுவந்து விட்ட பேருந்தின் நடத்துநர் கச்சிராயபாளையத்துக்காரர். அவரிடமும் கேட்டார். "எது?" என்றார் நடத்துநர். "தண்ணிதான்." "எங்க வூடே கடைசி வூடுதான்யா" என்று நடத்துநர் சொன்னதும் டேங்குக்காரர் முகத்தில் வந்த அக்கறையைப் பார்க்க வேண்டும். பேருந்து நகரும் வரை படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு விசாரித்தார். டேங்க் எத்தனை அடி, குழாய் எத்தனை அங்குலம், நடுவில் யாராவது மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்களா என்று.

அவருடைய ஊரில் கடைசி, எட்டாம் வால்வு.

கரும்பு தாண்டி, வாய்க்கால் தாண்டி, ஒரே தெரு, பதினெட்டு வீடு. நிலம் இல்லாதவர்கள். எல்லாம் மண் சுவர், மேலே கூரை. மேற்கே கல்வராயன் மலை அங்கிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். நான் முதலில் போனது ஜனவரி கடைசியில். பொங்கல் முடிந்ததும் தெருவோடு கரும்பு வெட்டக் கிளம்பிவிட்டார்கள். மேஸ்திரி லாரி கொண்டுவந்து ஏற்றிப் போவார், சித்திரை கடைசியில் திரும்புவார்கள். பதினெட்டு வாசலிலும் பூட்டு. பூட்டுக்குக் குறுக்கே ஒரு கட்டு வேலிக்காத்தான் முள், ஆடுமாடு ஏறாமல் இருக்க. மின்சாரப் பெட்டியில் பீஸ் கட்டையைப் பிடுங்கி எடுத்துப் போயிருந்தார்கள். தெருவில் மனிதர் என்று யாரும் இல்லை. நாய்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு வாசலில் படுத்திருந்தது. ஒன்று எழுந்து வந்து குலைத்துவிட்டுத் தன் வாசலுக்கே திரும்பிப் போனது.

அன்று சனிக்கிழமை. டேங்குக்காரர் என்னை அங்கே நிறுத்திவிட்டு, வாய்க்கால் ஓரத்தில் கம்பியை இறக்கி வால்வைத் திறந்தார். தெருக்குழாய் சீறியது. முதலில் காற்று, பிறகு துருத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். அது சிமெண்டுத் தொட்டியில் விழுந்ததும் நாய்கள் எல்லாம் எழுந்து வந்து வரிசையாக நின்று குடித்தன. சத்தமே இல்லை. அவற்றுக்குக் கிழமை தெரிந்திருந்தது.

"யாருக்கு அண்ணா தண்ணி விடறீங்க?"

"தெருவுக்கு."

"தெருவுல ஆளே இல்லையே?"

"ஆளு இல்ல. தெரு இருக்குதுல்ல மேடம்?" என்றார். "மூணு மாசம் வுடாம வுட்டா குழாய் உள்ளாற துரு கட்டிக்கும். வால்வு இறுகிக்கும். அப்பறம், எட்டுல யாரும் இல்ல, அந்தத் தண்ணிய நாலுக்கு திருப்புன்னு ஒரு பேச்சு வரும். ஒருதபா திருப்புனா திரும்புமா? போறப்ப எங்கிட்ட சொல்லிட்டுதான் போறாங்க. வந்து குழாயத் தொறந்தா தண்ணி வரணும்."

வாரம் ஒரு நாள், சனிக்கிழமை காலை, பத்து நிமிடம். இதற்காக அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை. மாசி பங்குனியில் கிணறு இறங்கி, நாலாம் வால்வுக்கு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் என்று ஆன பிறகும் இந்தப் பத்து நிமிடத்தை அவர் குறைக்கவில்லை. என் கண் முன்னால் நாலாம் வால்வுப் பெண் ஒருத்தி காலிக் குடத்தை அவர் மேல் வீசினாள். தோளில் பட்டு உருண்டது. "நாய்க்கி ஊத்துவ, எங்களுக்கு ஊத்தமாட்டியா? உன் பொண்டாட்டி எட்டாம் வால்வுலயா இருக்குது?" அவர் குடத்தை எடுத்து, நசுங்கியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, அவளிடமே கொடுத்தார். "உனுக்கு கம்மி ஆனா ஞாயித்துக்கெழம பத்து நிமிசம் சேத்து வுடறேன்மா." மறுநாள் விட்டார் என்று டயரியில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் அன்று நினைக்கவில்லை. இன்றும் நினைக்கவில்லை. ஆள் இருக்கும் தெருவில் குடம் காலியாக இருக்கும்போது ஆள் இல்லாத தெருவுக்குத் தண்ணீர் விடுவது சரியா என்று என்னைக் கேட்டால், எனக்குப் பதில் தெரியாது.

ஆனால் நான் செய்தது சரியில்லை என்பது தெரியும். அதை ஒழுங்காக எழுத வேண்டும்.

எங்கள் விதி: மூன்று முறை, மூன்று வெவ்வேறு நாள் போக வேண்டும், மூன்று முறையும் பூட்டியிருந்தால் 'காலி'. நான் மூன்று முறை போனேன். தேதி, நேரம் எல்லாம் டயரியில் இருக்கிறது. மூன்றாவது நாள் வாய்க்கால் கட்டையில் உட்கார்ந்து பதினெட்டு படிவத்திலும் எழுத ஆரம்பித்தேன். டேங்குக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

"காலின்னா எழுதறீங்க?"

"விதி அதுதான் அண்ணா."

"நான் சொல்றேன் எழுதிக்குங்க மேடம். மொத வூடு அஞ்சு பேரு, பத்து கொடம். ரெண்டாவது வூடு மூணு பேரு…"

"நீங்க சொல்லி எழுத முடியாது. வீட்டு ஆள் சொல்லணும். நீங்களே அப்படித்தானே சொன்னீங்க?"

"அது காசு கணக்கு" என்றார்.

நான் பதினெட்டையும் எழுதி முடித்தேன். என் தண்ணீர் பாட்டிலை அவர் எப்போதும்போல் நிரப்பிக் கொடுத்தார். வழியில் மட்டும் எந்த வீட்டைப் பற்றியும் ஒன்றும் சொல்லாமல் நடந்தார்.

படிவத்தின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கோடு இருந்தது. விருப்பம் இருந்தால் எழுதலாம், கட்டாயம் இல்லை. 'கரும்பு வெட்டப் போயிருக்கிறார்கள், சித்திரையில் வருவார்கள்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் சரிபார்ப்பவர் தனியே எடுத்து வைத்திருப்பார். விதியும் மீறப்பட்டிருக்காது. நான் எழுதவில்லை. அடித்தல் திருத்தல் இல்லாத, குறிப்பு இல்லாத சுத்தமான படிவங்கள் என்று எனக்கு அலுவலகத்தில் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்காகக் கோட்டை வெறுமையாக விட்டேன். இதற்கு வேறு காரணம் தேடிப் பார்த்தேன். இல்லை.

அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகவில்லை. கட்டு கட்டாக எல்லாம் விழுப்புரம் போனது.

மே மாதம் ஒரு நாள் டேங்குக்காரர் என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். கூடவே எட்டாம் வால்வின் முதல் வீட்டுப் பெண். முப்பது வயது இருக்கும். கரும்புத் தோகை அறுத்த கோடுகள் முழங்கை வரை இருந்தன. ஒரு விரலில் துணிக் கட்டு. வீட்டுப் பட்டியலை ஊராட்சியில் ஒட்டியிருந்தார்கள். அந்தத் தெருவே அதில் இல்லை.

"இவங்களா?" என்று அவரைக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏம்மா, நான் இன்னா செத்தா பூட்டேன்? கரும்பு வெட்டப் போனவ வூட்ட காலின்னு எழுதிட்டு வந்துக்கிறியே, எங்க நாயி உன்னப் பாத்து கொலைக்கல?"

"குலைச்சுது" என்றேன். அது உண்மை.

"கொலைச்சுதுல்ல? அப்பறம் இன்னா காலி?"

அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டேங்குக்காரர் என் மேசைக்குக் குனிந்து மெதுவாகக் கேட்டார். "எழுதுனத மாத்த முடியாதா மேடம்?"

"போயிடுச்சு அண்ணா. இனி அடுத்த கணக்கெடுப்புலதான்."

"அது எப்ப?" என்றாள் அவள்.

"தெரியாதும்மா."

"உனுக்கே தெரியாதா!" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவள் வைதிருக்கலாம். "போற மழைக்கே பின்செவுரு நிக்காதும்மா. வா, வந்து பாரு. மூணு தபா வந்தியாமே, நாலாவது தபா வா."

"ஏய், வுடு" என்றார் டேங்குக்காரர். "மேடம் மேல ஒண்ணும் இல்ல. பாரம் அப்பிடிக் குடுத்துக்கிறாங்க."

குறிப்புக் கோட்டைப் பற்றி அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. அவர் வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். கேட்பார் என்று எனக்குத் தெரியும். கேட்டார்.

"இந்தத் தெருவுல கடைசி வூட்டுக்கு வருதா?"

அதன் பிறகு அவரை இரண்டு முறை பார்த்தேன். ஐப்பசி மழை முடிந்த பின்பு பேருந்து நிலையத்தில் ஒருமுறை. ப்ளீச்சிங் பவுடர் மூட்டையோடு நின்றிருந்தார். நான் கேட்க வாயெடுப்பதற்குள், "பின்செவுருதான் வுழுந்துது மேடம், யாருக்கும் ஒண்ணும் இல்ல. திரும்ப மண்ணு வெச்சிக் கட்டிக்கினாங்க" என்றார். இன்னொரு முறை, மாவட்டம் ஆன வருடம், சந்தையில் பார்த்தபோது தலை முழுக்க நரைத்திருந்தது. "எட்டுல ஒரு பையன் வேலைக்கிப் போறான் மேடம்" என்றார். "ஆறு கொடம் கம்மி. மெட்ராஸுக்கு அப்பா அம்மாவையும் கூட்டிக்கினு போய்ட்டான்." அது அவருக்குச் சந்தோஷமா வருத்தமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வீட்டை வேறொரு குடும்பம் எடுத்துக்கொண்டதாகவும் சொன்னார்.

இன்று பிற்பகல் 3.20க்கு அந்த ஊராட்சிக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர் புது ஆள்.

"டேங்குக்காரரா? அவர் போயி ரெண்டு வருசம் ஆவுது மேடம்."

"உடம்புக்கு என்ன ஆச்சு அவருக்கு?" என்றேன்.

"ஐயோ, அந்தப் போறது இல்ல. கரும்பு வெட்டப் போறாரு. டேங்க் சம்பளம் மாசக்கணக்குல வராம, பொஞ்சாதிய கூட்டிக்கினு எட்டாம் வால்வு ஆளுங்க லாரியிலயே ஏறிட்டாரு. தோகை கட்றாரு. வயசாச்சில்ல, வெட்ட முடியாது. சித்திரைல வருவாங்க."

"இப்ப தண்ணி யார் விடறாங்க?"

"ஒரு அம்மா பாக்குது."

"சனிக்கிழமை எட்டாம் வால்வு திறக்கறாங்களா?"

"எட்டுலயா? அங்கதான் யாருமே இல்லையே மேடம்."

வைத்துவிட்டார்.

இப்போது அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. பட்டியலில் அந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறது. அதற்கு நேராக வீட்டு வகை: மண் சுவர், கூரை. முதல் வீட்டுக்கும் அதேதான். பதினொரு வருடத்தில் அந்தக் கட்டம் மட்டும் மாறவில்லை. டேங்குக்காரருடைய பழைய படிவத்தை நினைத்துப் பார்த்தேன். ஊர் முழுக்க முடித்துவிட்டுக் கடைசியாக அவர் வீட்டில் உட்கார்ந்து எழுதியது. ஆட்கள் நான்கு. வருமானம் என்ன அண்ணா என்றேன். "அத நான் வாயால சொல்லணுமே" என்று சிரித்து, எண்ணைச் சொன்னார். நான் எழுதாமல் அவரைப் பார்த்தேன். மாதத்துக்கா என்று கேட்டேன். "வந்தா மாசத்துக்கு" என்றார்.

சான்று ஒன்று வேண்டும். பீஸ் கட்டைகளைக் கட்டாயம் பிடுங்கி வைத்திருப்பார்கள். மிச்சம் இருப்பது தண்ணீர். நாளை சனிக்கிழமை. அவர் ஊரில் இல்லை. அந்த அம்மாவிடம் அவர் ஏதாவது சொல்லிவிட்டுப் போனாரா, சொன்னாலும் நாலாம் வால்வுக்காரர்கள் விட்டார்களா, தெரியாது. டேங்குக்குக் கீழே இருக்கும் அவர் வீட்டுக் குழாயில் எப்படியும் தண்ணீர் வரும்; எட்டாம் வால்விலும் வந்தால் மீதிப் பதினெட்டும் பட்டியலில் நிற்கும். வராவிட்டால் என் கையாலேயே இரண்டாவது முறையும் காலி. டேப்லெட்டை மின்னேற்றியில் போட்டேன். இரவுக்கு இரண்டு தோசை. 9.30க்கு விளக்கை அணைக்கிறேன்.

பிப்ரவரி 7, சனிக்கிழமை. முதல் பேருந்து 5.25. டேப்லெட்டில் எதையும் அழுத்துவதற்கு முன் செய்தது இது. 6.20க்கு வாய்க்காலைத் தாண்டினேன். பதினெட்டு வாசலிலும் பூட்டு, பூட்டுக்குக் குறுக்கே முள். வால்வுப் பக்கம் யாரும் இல்லை. சிமெண்டுத் தொட்டி வறண்டிருந்தது. அதைச் சுற்றி ஏழு நாய்கள் உட்கார்ந்திருந்தன. பழைய நாய்கள் அல்ல, அவை செத்திருக்கும். இவை அவற்றின் குட்டிகளாகவோ குட்டிகளின் குட்டிகளாகவோ இருக்க வேண்டும். ஒன்று என்னைப் பார்த்துக் குலைத்துவிட்டு மீண்டும் தொட்டியைப் பார்த்து உட்கார்ந்தது.

முதல் வீட்டு வாசலில் பையை வைத்தேன். முள்ளை விலக்காமல் கையை நீட்டிக் குழாயைத் திறந்து வைத்தேன். பிறகு புடவையை ஒதுக்கிக்கொண்டு மண்டியிட்டு, குழாய் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் காதை வைத்தேன். 6.41 வரை ஒன்றும் இல்லை. பிறகு வாய்க்கால் பக்கமிருந்து குழாய் வழியே இரும்பு திரும்பும் சத்தம். நாய்கள் எழுந்து நின்றன.

முதலில் காற்று வந்தது.